அகலிகையை இரண்டாம் முறை கல்லாக்கியது யார்? – புராண மறுபடைப்பைப் படித்துப் பேசிய அனுபவம்



எங்கள் இடைநிலைப்பள்ளியில் மாதம் இரண்டு சனிக்கிழமை காலையில் ஒரு சின்ன வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் பதினொரு பேர், ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒரு கதையை வீட்டில் படித்துவிட்டு வரவேண்டும். வந்து, தோன்றியதைப் பேசவேண்டும். புள்ளி கிடையாது, பயிற்றி கிடையாது. சிற்றுண்டிச்சாலையில் மைலோ கிடைக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த வட்டத்தில் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ கதையைப் படித்தபோது நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கதையைப் பற்றிய என் கருத்தும் இதில் இருக்கிறது. நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. தேர்வு எழுதும் மாணவர்களுக்குப் பயன்படும் சில குறிப்புகளைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

தமிழில் ஃபேன்டசி இல்லையா?

எல்லாம் ஒரு புகாரில்தான் தொடங்கியது. எங்கள் பிள்ளைகள் படிக்காதவர்கள் அல்லர். ஆங்கிலத்தில் ஹாரி பாட்டர், பெர்சி ஜாக்சன் என்று தடித்தடியாகப் படிக்கிறார்கள். நான்காம் படிவ மாணவன் ஒருவன் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று பாகத்தையும் முடித்துவிட்டான். அவன்தான் ஒருநாள் சொன்னான்: “தமிழ்ல ஃபேன்டசியே இல்ல டீச்சர். சாமி கதைதான் இருக்கு. இல்லன்னா அறிவுரை கதை.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால், அவன் சொன்னதில் பாதி நம் குற்றம். பாடநூலில் நாம் கொடுக்கும் கதைகள் பெரும்பாலும் குடும்பம், வறுமை, கல்வியின் சிறப்பு என்று ஒரே வரிசையில் நிற்கின்றன. மிகுபுனைவு என்று ஒரு வகை தமிழில் உண்டு என்பதையே நாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

அதனால் முதல் கூட்டத்துக்குக் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைக் கொடுத்தேன். கடவுள் சென்னைக்கு வருகிறார். கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கிறார், காப்பி குடிக்கிறார், அவருடைய வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார், அவர் வீட்டுக்கே போய்த் தங்குகிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெர்சி ஜாக்சன் கதையில் கிரேக்கத் தெய்வங்கள் இன்றைய அமெரிக்காவில் நடமாடுவதைப் படித்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாகப் படவில்லை. ‘அட, நம்ம ஆளு 1940களிலேயே செஞ்சிட்டாரே!’ என்று அந்த நான்காம் படிவ மாணவனே ஒத்துக்கொண்டான்.

அந்த உற்சாகத்தில்தான் அடுத்த கூட்டத்துக்குச் ‘சாப விமோசனம்’ கொடுத்தேன்.

கதை, சுருக்கமாக

படிக்காதவர்களுக்காகச் சில வரிகள். அகலிகை கதை நமக்குத் தெரியும். கௌதம முனிவரின் மனைவி. இந்திரன் கௌதமர் வேடத்தில் வந்து அவளை ஏமாற்றுகிறான். முனிவர் சபிக்கிறார். அவள் கல்லாகிறாள். பிறகு இராமனின் பாதத்தூசு பட்டுப் பெண்ணாகிறாள். நம் பாட்டிமார்கள் சொன்ன கதை இங்கே சுபமாக முடிந்துவிடும்.

புதுமைப்பித்தனின் கதை இங்கேதான் தொடங்குகிறது. கல் பெண்ணாகிறது. புற்று மூடிக் கிடந்த கௌதமரும் எழுந்து வருகிறார். இருவரும் மறுபடி சேர்ந்து வாழ முயல்கிறார்கள். ஆனால் முன்போல முடியவில்லை. யார் எதைச் சொன்னாலும் அதில் இரண்டாவது அர்த்தம் இருக்குமோ என்று அகலிகை நடுங்குகிறாள். ஆற்றங்கரையில் மற்ற ரிஷிபத்தினிகள் அவளைக் கண்டதும் ஒதுங்கிப் போகிறார்கள். கௌதமரோ, கோபத்தில் சபித்துவிட்டோமே என்ற குற்ற உணர்வில் தவிக்கிறார்.

இதற்கிடையே இராமாயணம் பின்னால் ஓடுகிறது. இராமன் காட்டுக்குப் போகிறான், தசரதன் இறக்கிறான், போர் முடிகிறது. இராமனும் சீதையும் ஒருநாள் இவர்கள் குடிசைக்கு வருகிறார்கள். ஆண்கள் வெளியே உலாவப் போகிறார்கள். பெண்கள் உள்ளே பேசுகிறார்கள். தான் தீயில் இறங்கிய செய்தியைச் சீதை சாதாரணமாகச் சொல்கிறாள். அகலிகையால் தாங்க முடியவில்லை. விருந்தினர் போனபின் கௌதமர் அன்போடு நெருங்கி வருகிறார். அவர் உருவத்தில் அவளுக்கு இந்திரன் தெரிகிறான். அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். கௌதமர் துறவியாகிக் கயிலையை நோக்கி நடக்கிறார்.

1943-இல் ‘கலைமகள்’ இதழில் வந்த கதை இது. இராமாயணம் அறிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்ற கருத்தில் ஆசிரியரே தொடக்கத்தில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்.

நான் செய்த தவறு

அந்தச் சனிக்கிழமை புரட்டாசிச் சனிக்கிழமை. இந்த நாட்டில் புரட்டாசி என்றால் தெரியும்தானே. பாதிப் பிள்ளைகள் வீட்டில் விரதம். கூட்டம் முடிந்ததும் பெருமாள் கோயிலுக்குப் போகவேண்டும் என்று நெற்றியில் நாமத்தோடு வந்திருந்தார்கள் இரண்டு பேர். நான் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

வட்டமாக உட்கார்ந்தோம். “எப்படி இருந்துச்சி?” என்று கேட்டேன். ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி, எப்போதும் முதலில் பேசுகிறவள், சொன்னாள்: “எனக்குப் பிடிக்கல டீச்சர். எங்க பாட்டி சொன்ன இராமர் இப்படிச் செய்ய மாட்டாரு.”

நான் சட்டென்று என்ன சொன்னேன் தெரியுமா? “இது வெறும் கதைதான்மா. பெண்ணியப் பார்வையில எழுதினது. நீ அப்படி எடுத்துக்கக் கூடாது.”

சொல்லிவிட்டு அடுத்த மாணவனிடம் போய்விட்டேன். அவள் அதற்குப் பிறகு அன்று வாயே திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. ‘இது வெறும் கதை’ என்று சொன்னது நான், இலக்கிய ஆசிரியை! வெறும் கதை என்றால் அதை எதற்குப் படிக்கச் சொன்னேன்? அவள் சொன்னது பிழையான கருத்து அல்ல. அது ஒரு வாசகரின் நேர்மையான முதல் எதிர்வினை. அதை நான் ‘பெண்ணியம்’ என்ற ஒரு சொல்லால் மூடிவிட்டேன். இருபது ஆண்டுகளாக இந்தக் கதைக்கு நான் கரும்பலகையில் எழுதிப் போட்டது அந்தச் சொல்தான்: ‘கருப்பொருள்: ஆணாதிக்க எதிர்ப்பு’. கரும்பலகை வெண்பலகை ஆனது, சொல் மாறவில்லை.

சக ஆசிரியர் வேறொரு கோணத்தில் கேட்டார். “டீச்சர், சோதனைக்கு வராத கதை. வீட்டுல அம்மா அப்பா வந்து கேட்டா என்ன சொல்வீங்க?” அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பெற்றோர் கேட்டால் ‘பெண்ணியப் பார்வை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மூலம் என்ன சொல்கிறது, இவர் எதை மாற்றினார் என்று எனக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே மூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூலத்தில் என்ன இருக்கிறது?

வான்மீகத்தில் அகலிகை கல்லாவதே இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடக்கவேண்டும் என்பதுதான் அங்கே சாபம். வந்திருப்பவன் இந்திரன் என்று தெரிந்தே அவள் உடன்படுவதாகவும் அங்கே வருகிறது. சாபம் நீங்கியபின் இராமனும் இலக்குவனும் அவள் பாதத்தைத் தொட்டு வணங்குகிறார்கள்.

கம்பனில் அவள் கல்லாகிறாள். பாதத்தூசு பட்டு எழுகிறாள். வந்தவன் யார் என்பதை இடையில் உணர்ந்தும் அவள் விலகவில்லை என்று கம்பன் பாடுகிறான். ஆனாலும், அவள் நெஞ்சால் பிழை செய்யாதவள், ஏற்றுக்கொள் என்று விசுவாமித்திரர் கௌதமரிடம் சொல்கிறார். கௌதமரும் ஏற்றுக்கொள்கிறார்.

ஆக, ‘மூலக்கதை’ என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒன்றல்ல. கம்பனே ஒரு மறுபடைப்பாளன்தான். பாட்டி சொன்ன கதை பெரும்பாலும் கம்பன் வழி வந்தது.

அடுத்தது சீதையின் தீக்குளிப்பு. இதைப் புதுமைப்பித்தன் கண்டுபிடிக்கவில்லை. வான்மீகத்திலும் இருக்கிறது, கம்பனிலும் இருக்கிறது, இரண்டிலும் யுத்த காண்டத்தில். இராமன் சீதையிடம் பேசும் கடுஞ்சொற்களைக் கம்பனில் படிக்கும்போது இன்றும் மனம் கூசும். தீயின் கடவுளே சீதையின் கற்புக் கனலைத் தாங்காமல் வெந்து முறையிடுகிறான். வான்மீகத்தில் இராமன், சீதை தூயவள் என்று தனக்குத் தெரியும், உலகம் நம்பவேண்டும் என்பதற்காகவே இதை அனுமதித்தேன் என்கிறான்.

அப்படியானால் புதுமைப்பித்தன் புதிதாகச் சேர்த்தது என்ன? ஒரே ஒரு காட்சி. அகலிகையும் சீதையும் ஒரு குடிசைக்குள் தனியாக உட்கார்ந்து பேசும் காட்சி. தனித்தனிக் காண்டங்களில் இருந்த இரண்டு பெண்களை அவர் ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால், அதற்குப் பிறகு இரண்டு கதைகளும் ஒன்றையொன்று கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகின்றன.

அகலிகைக்கு மன்னிப்பு வழங்கியவன் இராமன். உடல் மாசுபட்டாலும் மனம் தூயது என்றால் போதும் என்பதுதான் அந்த மன்னிப்பின் அடிப்படை. அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஊராரின் பார்வையையெல்லாம் தாங்கிக்கொண்டு வாழ்கிறாள். இப்போது அதே இராமன், உடலும் மனமும் இரண்டுமே தூய்மையான சீதையிடம் நிரூபணம் கேட்டான் என்று தெரியவருகிறது. அப்படியானால் தனக்குக் கிடைத்த மன்னிப்புக்கு என்ன பொருள்? சீதைக்காக மட்டும் அகலிகை கொதிக்கவில்லை. தன் காலடியில் இருந்த தரையே நழுவிப்போனதால் கொதிக்கிறாள். இதை நான் இருபது ஆண்டுகளாகக் கவனிக்கவில்லை.

ஃபேன்டசி வாசகனின் கேள்வி

அந்த மாணவி வராத மூன்றாவது கூட்டத்திலும் இதே கதையைத்தான் பேசினோம். ‘தமிழில் ஃபேன்டசி இல்லை’ என்று சொன்ன மாணவன் கையைத் தூக்கினான்.

“டீச்சர், ஒரு சந்தேகம். ஃபேன்டசியில மந்திரத்துக்கு ரூல்ஸ் இருக்கும். ஹாரி பாட்டர்ல அம்மாவோட தியாகம் அவன காப்பாத்தும், ஆனா பதினேழு வயசு வரைக்கும்தான். எல்லாத்துக்கும் கணக்கு இருக்கும். இங்க முதல் தடவ கௌதமர் சபிச்சாரு, சரி. ரெண்டாவது தடவ யாரு சபிச்சா? யாருமே சபிக்கலையே! அப்புறம் எப்படிக் கல்லாவாங்க? இது கதையில ஓட்டைதானே?”

நான் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை, இந்தமுறை அவசரப்படவில்லை. “நீங்கதான் சொல்லுங்க. ஓட்டையா, இல்ல வேணும்னே வச்சதா?” என்று கேள்வியை வட்டத்தின் நடுவில் வைத்தேன்.

அரைமணி நேரம் பேசினார்கள். ஒருவன், கௌதமரின் பழைய சாபம் முழுசாகத் தீரவில்லை என்றான். கதையில் அதற்கு ஆதாரம் காட்டு என்றதும் விட்டுவிட்டான். இன்னொருத்தி, இந்திரன் செய்த கொடுமையின் பாதிப்பு உள்ளேயே இருந்தது, அதுதான் மறுபடி வந்தது என்றாள். கௌதமர் உருவத்தில் இந்திரனைப் பார்க்கிறாள் என்ற இடத்தைச் சான்றாகக் காட்டினாள். மூன்றாமவன், “அவங்களே ஆயிட்டாங்க” என்றான். கல்லானதும் மனத்தின் பாரம் தீர்ந்தது என்று ஆசிரியர் சொல்லும் இடத்தைக் காட்டினான்.

எனக்கு மூன்றாவது பதில்தான் கதைக்கு நெருக்கமாகப் படுகிறது. முதல் முறை கல்லானது தண்டனை. வெளியிலிருந்து வந்தது. இரண்டாம் முறை கல்லானது அவளாகவே விலகிக்கொண்டது. மந்திரத்தின் விதியை ஆசிரியர் தெரிந்தே உடைக்கிறார். யார் சபித்தார் என்று வாசகன் தேடவேண்டும், தேடி யாரும் இல்லை என்று கண்டுபிடிக்கவேண்டும். அப்போதுதான், சுற்றி இருக்கும் எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு இருப்பது தெரியும்.

அப்படியே தலைப்புக்கு வந்தோம். ‘சாப விமோசனம்’ என்பது எந்த நிகழ்ச்சியைக் குறிக்கிறது? தொடக்கத்தில் கல் பெண்ணானதையா, முடிவில் பெண் கல்லானதையா? பாதிப் பேர் அப்படி, பாதிப் பேர் இப்படி. இதுவரை என் வகுப்பில் தலைப்பைப் பற்றி இவ்வளவு நேரம் யாரும் சண்டை போட்டதில்லை.

மாணவர்கள் ஃபேன்டசி படிப்பதை நேர விரயம் என்று நினைக்கும் ஆசிரியர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். ‘இந்த உலகத்தின் விதி என்ன? அது எங்கே மீறப்படுகிறது?’ என்று கேட்கும் பழக்கம் அவனுக்கு ஹாரி பாட்டரிலிருந்து வந்தது. அந்தப் பழக்கத்தைக் கொண்டுதான் அவன், தமிழ்ப்பட்டம் வாங்கிய நான் காணாத இடத்தைக் கண்டான்.

கதையில் எனக்குள்ள குறைகள்

புதுமைப்பித்தன் என்பதற்காக எல்லாவற்றையும் புகழ வேண்டியதில்லை. கதையின் நடுப்பகுதி மிக வேகமாக ஓடுகிறது. தசரதன், பரதன், கைகேயி, அனுமன் என்று எல்லாரும் வந்து போகிறார்கள். இராமாயணம் நன்றாகத் தெரிந்தவருக்கு அது ரசமாக இருக்கும். தொலைக்காட்சித் தொடர் மட்டும் பார்த்த நம் பிள்ளைகள் பரதனும் கைகேயியும் ஏன் இங்கே வருகிறார்கள் என்று புரியாமல் திணறினார்கள். மறுபடைப்பு என்பது மூலத்தின் தோளில் ஏறி நிற்கிறது. மூலம் தெரியாத வாசகருக்கு அது அந்தரத்தில் நிற்கும். ஆசிரியர்கள் இந்தக் கதையைக் கொடுப்பதானால் ஒரு பக்கத்தில் இராமாயண நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது குறை, சீதை. தான் தீக்குளித்ததைச் சிரித்துக்கொண்டே சொல்லும் சீதை, உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று கேட்கும் சீதை, அகலிகையின் கோபத்தைத் தூண்டுவதற்காகவே அங்கே உட்கார வைக்கப்பட்டதுபோல் எனக்குத் தோன்றும். அவளுக்கென்று ஓர் உள்மனம் கதையில் இல்லை. இந்தக் குறையைப் பின்னால் வந்த பெண் எழுத்தாளர்கள் நிறைவு செய்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். அம்பையின் ‘அடவி’யில் சீதை தன் கதையைத் தானே எழுதுகிறாள். தெலுங்கில் வோல்கா, சீதை அகலிகையையும் சூர்ப்பணகையையும் சந்திப்பதாகக் கதைகள் எழுதினார். அந்தத் தொகுப்புக்கு 2015-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

சக ஆசிரியர் மூன்றாவது குறை ஒன்று சொன்னார். “அநியாயத்தக் கேட்டதும் கல்லாயிட்டா என்ன பிரயோஜனம்? கண்ணகி மாதிரி போய்க் கேட்டிருக்கணும்.” அகலிகையின் மனத்தில் கண்ணகியின் வெறி எழுந்ததாகக் கதையிலேயே வருகிறது. ஆனால் கண்ணகி ஊரை எரித்தாள். அகலிகை யாரையும் எரிக்கவில்லை, தானே உறைந்துபோனாள். இது அகலிகையின் தோல்வி என்கிறார் அவர். கேட்க ஓர் அவைகூட அவளுக்கு இல்லை என்பதைத்தான் கதை சொல்கிறது என்கிறேன் நான். இன்னும் முடிவுக்கு வரவில்லை. முடிவுக்கு வரவேண்டிய அவசியமும் இல்லை.

ஒப்பிட்டுப் படிக்க விரும்பும் ஆசிரியர்கள் இதே எழுத்தாளர் முன்னரே எழுதிய ‘அகல்யை’ என்ற கதையையும் எடுத்துப் பாருங்கள். அதில் கௌதமர் சபிப்பதே இல்லை, மன்னிக்கிறார். மன்னிப்போடு முடிந்த கதை அவருக்கே போதவில்லை போலும். அதனால்தான் மறுபடி எழுதினார் என்று நான் எண்ணுகிறேன்.

அவள் திரும்பி வந்தாள்

அந்த மாணவியிடம் போய்ப் பேசினேன். “நான் அன்னைக்கு உன்ன பேச விடல. தப்பு என்னோடது. நீ ஏன் பிடிக்கலன்னு சொன்னன்னு முழுசாக் கேக்கணும்” என்றேன். கம்பனில் தீக்குளிப்பு வரும் பகுதியின் உரையை நகலெடுத்துக் கொடுத்தேன். ‘நீ தப்பு’ என்று காட்ட அல்ல, ‘உன் சங்கடம் புதிதல்ல, பெரிய புலவர்களுக்கும் இருந்தது’ என்று காட்ட.

நான்காவது கூட்டத்துக்கு வந்தாள். பாட்டியிடமும் கேட்டிருக்கிறாள். பாட்டி, “அந்த இடம் வந்தா நான் வேகமாச் சொல்லிட்டுப் போயிருவேன்” என்றாராம். எங்கள் வட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பாட்டிக்கும் அந்த இடம் உறுத்தியிருக்கிறது.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இப்பவும் எனக்குக் கதை பிடிக்கல டீச்சர். ஆனா ஆத்தங்கரை இடம் மட்டும் மனசுல நிக்குது. இராமரோட தூசு பட்டு சாபம் போயிருச்சி. ஊர் பேசுறது போகல. நம்ம கிளாஸ் வாட்சப் குரூப்புல ஒரு பிள்ளையப் பத்திப் பேசினாங்க. அது பொய்னு தெரிஞ்ச பிறகும் யாரும் அவ பக்கத்துல உக்காரல. எனக்கு அவ ஞாபகந்தான் வந்துச்சி.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேசப்பட்ட பிள்ளை யார் என்று அங்கே பலருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை நான் பார்த்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

தேர்வு மாணவர்களுக்கு

வாசிப்பு வட்டத்தில் பேசுவது வேறு, விடைத்தாளில் எழுதுவது வேறு. ஆனால் நல்ல விடை நல்ல பேச்சிலிருந்துதான் வருகிறது. நான் விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழைகள் மூன்று.

ஒன்று, மூலக்கதையை எழுதிவிடுவது. மறுபடைப்பைப் பற்றிக் கேட்டால், பாட்டி சொன்ன கதையை இரண்டு பக்கம் எழுதிவிடுகிறீர்கள். திருத்துபவர் தேடுவது ஆசிரியர் மாற்றிய இடத்தை.

இரண்டு, முத்திரை குத்துவது. ‘இது பெண்ணியக் கதை’, ‘இது புராணத்தை இழிவுபடுத்துகிறது’ என்று ஒரு வரி எழுதி நிறுத்திவிடுவது. இரண்டுமே முடிவுகள். முடிவுக்கு வந்த வழியைக் காட்டவில்லை. நானும் இதே பிழையைத்தான் செய்தேன் என்று மேலே படித்தீர்கள்.

மூன்று, சான்று இல்லாமல் உணர்ச்சியை எழுதுவது. ‘மிகவும் மனத்தைத் தொட்டது’ என்றால் எந்த இடம் தொட்டது?

வழி எளிது. முதலில் உங்களுக்குத் தோன்றியதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள், பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. அடுத்து, கதையில் எந்த இடம் அப்படித் தோன்றச் செய்தது என்று தேடுங்கள். பிறகு, மூலத்தில் அந்த இடம் எப்படி இருந்தது, ஆசிரியர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று பாருங்கள். கடைசியாக, அந்த மாற்றத்தால் என்ன புதிய கேள்வி எழுகிறது என்று எழுதுங்கள்.

ஒரு மாதிரி பாருங்கள். முதலில் எழுதியது:

‘அகலிகை நல்ல பெண். அவள் மிகவும் துன்பப்படுகிறாள். ஆசிரியர் பெண்களின் துன்பத்தை அழகாகக் கூறியுள்ளார்.’

பேசியபின் அதே மாணவர் எழுதியது:

‘அகலிகையின் துன்பம் சாபம் நீங்கிய பின்னரே தொடங்குகிறது. ஆற்றங்கரையில் மற்றப் பெண்கள் அவளைக் கண்டு விலகுகிறார்கள். கம்பராமாயணத்தில் சாபம் நீங்கியதோடு அவள் கதை முடிகிறது. புதுமைப்பித்தன் அதற்குப் பிந்திய வாழ்க்கையைக் காட்டுவதால், மன்னிப்பு கிடைத்தவரைச் சமுதாயம் ஏற்றுக்கொள்கிறதா என்ற கேள்வி எழுகிறது.’

இரண்டாவது விடையில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. இடம் இருக்கிறது, ஒப்பீடு இருக்கிறது, கேள்வி இருக்கிறது. புள்ளி தானாக வரும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

இதே முறையில் மற்றக் கதைகளையும் பேசலாம். மேல்படிவ மாணவர்களுக்கு எஸ். ராமகிருஷ்ணனின் ‘உபபாண்டவம்’ நாவலிலிருந்து சில பகுதிகளைக் கொடுக்கலாம். ஆசிரியர்கள் தங்களுக்குள் படித்துப் பேச எம்.வி. வெங்கட்ராமின் ‘நித்யகன்னி’ நல்ல நாவல். பெரிய பொறுமை உள்ளவர்கள் 26 நாவல்கள் கொண்ட ஜெயமோகனின் ‘வெண்முரசு’ வரிசையில் ஒன்றையாவது தொட்டுப் பார்க்கலாம்.

எந்தக் கதையாக இருந்தாலும், முதலில் பேசும் பிள்ளை ‘பிடிக்கல’ என்று சொன்னால் அவசரப்பட்டு விளக்கம் கொடுக்காதீர்கள். “எந்த இடம்?” என்று மட்டும் கேளுங்கள். நான் அன்று அதைக் கேட்டிருந்தால் அந்த ஆற்றங்கரையைப் பற்றி இரண்டு கூட்டங்களுக்கு முன்னாலேயே கேட்டிருப்பேன். இன்னொன்று, கதையைக் கொடுக்கும் முன் நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வகுப்பில் கலந்துரையாடச் சில வினாக்கள்:

1. அகலிகை இரண்டாம் முறை கல்லாவதற்கு யார் காரணம்? கதையிலிருந்து சான்று காட்டுக.
2. ‘சாப விமோசனம்’ என்ற தலைப்பு கதையின் தொடக்கத்துக்குப் பொருந்துமா, முடிவுக்குப் பொருந்துமா?
3. கௌதமர் கெட்டவரா? அவருடைய குற்ற உணர்வைக் காட்டும் இடங்களைக் குறிப்பிடுக.
4. சீதை கோபப்படாமல் இருப்பதை ஆசிரியர் எதற்காக அப்படிப் படைத்திருக்கலாம்?
5. நீங்கள் படித்த ஒரு மிகுபுனைவு நாவலில் அந்த உலகத்தின் விதி ஒன்று மீறப்படும் இடத்தைக் கூறி, அதை இக்கதையின் முடிவோடு ஒப்பிடுக.

உங்கள் பள்ளியில் இந்தக் கதையைப் பேசினால், பிள்ளைகள் முதல் வினாவுக்கு என்ன சொன்னார்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள். எங்கள் வட்டத்தில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.